பீரோவின் மேல்தட்டு

வீடு மந்திரிக்கச் செல்லும் குருவானவருக்கு இல்லத்தின் எல்லாக் கதவுகளும் திறந்துவிடப்படுகின்றன, படுக்கையறைப் பீரோவின் கதவைத் தவிர. தீர்த்தச் செம்புடன் நாம் உள்ளே நுழையும்போது, வீட்டுத்தலைவியார் விரைந்து சென்று பீரோவின்மீது சாய்ந்து நின்றுகொள்வதைப் பன்முறை கண்டிருக்கின்றோம். ஒருமுறை ஓர் அம்மையார் சற்றுப் பிந்திவிட்டார். கதவு தானே திறந்துகொள்ள, போர்வை மூட்டையொன்று நம்முடன் வந்த உபதேசியாரின் தலையில் விழுந்தது. செபத்தை முடிக்க அன்று பெரிதும் சிரமப்பட்டோம்.

ஞானஸ்நானச் சான்றிதழுக்கு மறுபிரதி கேட்டு அறைவீட்டுக்கு வருவோரும், "பீரோவில்தான் வைத்தோம் சாமி, காணோம்" என்றே தொடங்குவர். அவர்களைக் கண்டு நகைத்துவந்த நாம், 2022ஆம் ஆண்டு ஐப்பசியோடு நகைப்பதை நிறுத்திக்கொண்டோம்.

குமரி மாவட்டக் கடலோர ஊரொன்றில் தமக்கையாருடன் வாழ்ந்துவரும் நம் தாயார், அம்மாதத்து மழைநாளொன்றில் முக்காலியின்மீது ஏறிப் பீரோவின் மேல்தட்டை எட்டப்போய்க் கீழே விழுந்தார். அப்போது அவருக்கு அகவை எண்பத்திரண்டு. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மருத்துவமனைக் கட்டிலருகே நின்று, "ஒரு போர்வைக்காகவா ஏறினீர்கள்?" என்று கடிந்துகொண்டோம். அவர் மறுமொழி கூறவில்லை.

அவர் வீடு திரும்புவதற்குள் அந்தப் பீரோவைச் சீர்செய்துவிடுவதென்று முடிவு செய்தோம். குருமடத்தில் நமக்கு வாய்த்தது ஒன்றரை அடி அகலமுள்ள மரத்தட்டு ஒன்றே. அதனுள் அனைத்தையும் அடக்கக் கற்றவர் என்ற செருக்கும் நம்மிடம் இருந்தது. தந்தையார் வாங்கிவைத்த இரும்புப் பீரோ அது. ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம். உள்ளிருந்தவற்றையெல்லாம் கட்டிலில் குவித்தபோது கட்டில் மறைந்துபோயிற்று.

குமரியில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். அத்துடன் உப்புக் காற்று வேறு. பீரோவின் அடித்தட்டு துருவேறி, சுவரை ஒட்டிய பின்புறம் பூஞ்சணம் பூத்திருந்தது. ஆகவே நான்கு மூலைகளுக்கும் மரக்கட்டை கொடுத்து உயர்த்தி, காற்றோடுவதற்காகச் சுவரினின்று நான்கு விரற்கடை தள்ளி நிறுத்தி, சாய்ந்துவிடாதபடி மேற்புறத்தை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்தோம். பிள்ளைகள் ஏறி விளையாடும் வீடுகளில் இந்தப் பிணைப்பை மறத்தலாகாது. தட்டுகளில் விரித்திருந்த பழைய செய்தித்தாள்களை அகற்றிவிட்டுத் துவைத்துலர்ந்த வேட்டித் துண்டுகளை விரித்தோம். செய்தித்தாள் நாளடைவில் பழுத்துத் துணியிலும் கறை ஏற்றிவிடும்.

பட்டுச் சேலைகள் நெகிழிப் பைகளுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தன. அவற்றை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றினோம். சேலைகளைக் கட்டியிருந்த ரப்பர் வளையங்களை எறிந்தோம். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளிச் சரிகையைக் கறுக்கச் செய்யும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பட்டு மடிப்பிலேயே இற்றுவிடுமாதலால் மடிப்பை மாற்றி வைத்தோம். அந்துருண்டைகளை அகற்றி வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் முடிந்து போட்டோம். பூச்சியைத் தடுப்பதில் இவை அந்துருண்டைக்கு ஈடாகா. ஆனால் தமக்கையாரின் பேரக்குழந்தை அப்போது கைக்குழந்தை. ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாயுள்ள சிசுக்களுக்கு அந்துருண்டை வாடையேறிய துணியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சட்காமாலை காணக்கூடும். இதை அறியாத தாய்மார் இன்னும் பலர் உளர்.

பின்னர் தட்டுகளை வகுத்தோம். இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரம் அன்றாட உடைகளுக்கு, கனத்தவை அடியில், எப்போதாவது வேண்டியவை உச்சியில். படுக்கைவிரிப்பையும் அதன் உறைகளையும் ஒரே தலையணை உறைக்குள் திணித்துவைத்தால் தேடவேண்டியதில்லை. இது குருமடத்துச் சமையல்காரர் நமக்குக் கற்பித்த வித்தை. காலணிப் பெட்டிகளின் மூடியை நீக்கி, சிறு துணிகளைச் சுருட்டி நிறுத்தினோம். பத்திரங்கள் யாவும் ஒரே உறையில் லாக்கருக்குள் சென்றன.

இவ்வளவும் முடிந்தபின்னரே மேல்தட்டின் மூலையில் கிடந்த சிறு மூட்டையை அவிழ்த்தோம். உள்ளே உடுத்தப்படாத வெண்ணிறச் சேலை, முக்காட்டுத் துணி, செபமாலை. வாசலில் நின்ற தமக்கையார் தாழ்ந்த குரலில், "அது அடக்கத்துக்கு எடுத்து வெச்சது. வருசாவருசம் எடுத்து வெயில்ல போடுவாங்க. இந்தத் தடவ மழையில ஈரம் பிடிச்சிருக்குமோன்னு ஏறிட்டாங்க" என்றார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ அடக்கப் பூசைகள் நிறைவேற்றியவர் நாம். அச்சேலையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். மருத்துவமனையில் கடிந்துகொண்டது நினைவுக்கு வந்தது.

தாயார் வீடு திரும்பியதும் பீரோவைத் திறந்து காட்டினோம். மாவுக்கட்டில்லாத இடக்கையால் தட்டுத்தட்டாகத் தடவிப் பார்த்தார். "எல்லாம் அழகாத்தான் இருக்கு சாமி. ஆனா என் கைக்கு ஒண்ணும் தட்டுப்படலியே" என்றார். கண்புரை முற்றிய அவருக்கு அப்பீரோ பல்லாண்டுகளாகக் கைப்பழக்கத்தால் மட்டுமே தெரிந்திருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேயில்லை. மறுநாள் அவரைக் கட்டிலில் அமர்த்தி, அவர் சொல்லச் சொல்ல மீண்டும் அடுக்கினோம். அவருடைய கணக்கில் சேலைகளின் வகைக்கு இடமில்லை. யார் எடுத்துத் தந்தது என்பதே கணக்கு. தந்தையார் வாங்கித் தந்தவை வலப்புறம், மக்கள் தந்தவை இடப்புறம். நம் குருப்பட்டத்தன்று உடுத்திய சேலை தனியாக. நம் வகுப்பில் எஞ்சியது, கனத்தவை அடியில் என்பது ஒன்றுதான்.

இறுதியில் அந்த மூட்டை மிஞ்சியது. "இரண்டாம் தட்டில், கைக்கெட்டும்படி வையுங்க" என்றார். அடிக்கடி எடுப்பதன்றே, மேலேயே இருக்கட்டுமே என்றோம்.

"அடிக்கடி வேண்டாம் சாமி. வேணுங்கிற அன்னைக்கு உங்க அக்கா முக்காலியில ஏறக்கூடாது பாருங்க."

தமக்கையாருக்கும் அப்போது அறுபது கடந்திருந்தது. இரண்டாம் தட்டிலேயே வைத்தோம். மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒருநாள் விடுப்பில் சென்று, தாயார் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, முற்றத்துக் கொடியில் அச்சேலையை நாமே விரித்துப்போட்டோம். சரியாக விரிக்கவில்லையென்று இருமுறை திருத்தினார்.