பறித்த சட்டையும் பயிற்றும் நிலமும்
கனடாவின் வடபுலத்தில் ஒரு கல்விச்சாலை

கனடா என்றதும் நம்மவர் மனத்தில் முதலில் தோன்றுவது ரொறொன்ரோ மாநகரமே. உற்றார் உறவினர் அங்கே குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே பலவாதலின் இதில் வியப்பில்லை. ஆயினும், அத்தேசத்தின் வடபால் ஊசியிலைக் காடும் ஏரியும் பாறையுமாய் விரிந்து கிடக்கும் வேறொரு கனடா உண்டு. அங்கேதான் வாசகர்களை இவ்வாரம் அழைத்துச் செல்கின்றோம்.

1967ஆம் ஆண்டு முதல் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகராய் விளங்குவது யெலோநைவ். ஏறத்தாழ 20,000 பேர் வாழும் சிறு நகரம். அதன் வாசலிலே கிடக்கும் கிரேட் ஸ்லேவ் ஏரி 614 மீற்றர் ஆழமுடையது. வட அமெரிக்காவில் இதனிலும் ஆழமான ஏரி வேறில்லை. கோடையில் நீரில் இறங்கும் விமானங்கள் இதன்மேல் வந்திறங்கும். குளிர்காலத்திலோ நீர் உறைந்து கல்லாகிவிட, எதிர்க்கரையிலுள்ள டெற்றா கிராமத்துக்கு ஏரியின் மீதே மோட்டார் வண்டிகள் ஓடும். 

இது தெனே மக்களின் தாய்நிலம். இப்பிரதேசத்தின் 11 உத்தியோக மொழிகளுள் 9 பழங்குடியினர் மொழிகளாம். பொன் தேடி வந்தோர் 1930களில் இங்கே நகரமைத்தனர். ஜயன்ற் என்னும் பொற்சுரங்கம் 2004இல் மூடப்பட்டபோது, 237,000 தொன் ஆர்செனிக் நச்சுத்தூள் நிலத்தடியில் எஞ்சியிருந்தது. பொன் போயிற்று, நஞ்சு நின்றது.

நிலத்தை இழந்தோர் பிள்ளைகளையும் பிரிய நேர்ந்தது. கனடா முழுவதிலும் 150,000க்கு மேற்பட்ட பழங்குடிச் சிறார்கள் விடுதிப் பாடசாலைகளில் சேர்க்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டோர் பலர். வீடு திரும்பாமலே மாண்டோரும் பலர். யெலோநைவ் நகரிலேயே அக்கேச்சோ விடுதி 1958 முதல் 1994 வரை இயங்கியது. பாட்டன் வலை விரிக்கும் முறையைப் பேரன் அருகிருந்து பார்க்க வழியில்லாது போயிற்று. அறிவின் சங்கிலி அறுந்தது அங்கேதான்.

அறுந்ததை மீண்டும் பிணைக்க எழுந்தது 'டெச்சின்தா' என்னும் கல்வி நிலையம். தெனே மொழியில் அச்சொல் காட்டைக் குறிக்கும். பெயருக்கேற்பக் காடே அதன் வகுப்பறை; முதியோரே அதன் பேராசிரியர்கள். பனிக்கட்டியைத் துளைத்து வலையிடுவதும், மீனைக் கீறி உலர்த்துவதும் அங்கே பாடங்கள். மூஸ் என்னும் பெருமானின் தோலைச் சுரண்டி, மூளையைத் தேய்த்து, முறுக்கிப் பிழிந்து, உளுத்த மரத்தின் புகையில் பதனிடுவதும் ஒரு பாடமே. அதனோடு ஒப்பந்தங்களின் வரலாறும் அரசியலும் கற்பிக்கப்படுகின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகம் இக்கல்விக்குத் தகுதிப் புள்ளிகள் வழங்குகின்றது. பிள்ளைகளுடைய தாய்மார் அவர்களையும் முகாமுக்கு அழைத்து வரலாம். தாயையும் சேயையும் பிரித்த பழைய கல்விக்கு இதைவிடத் தக்க மறுமொழி வேறேது?

ஆனால் காட்டில் நடக்கும் கல்விக்குச் செலவு மிகுதி. விமானக் கூலி, கூடாரம், உணவு, முதியோருக்குரிய ஊதியம் அனைத்துக்கும் பணம் வேண்டும். வறிய மாணவன் புலமைப்பரிசில் இன்றி வருதல் அரிது. கனடாவில் இத்தகைய பணிகளுக்கு நிதி திரட்டும் வழிகளுள் ஒன்று, பழங்குடி ஓவியர்கள் சித்திரம் தீட்டிய ஆடைகளை விற்பது. பாட்டிமார் தோலாடையில் மணிகோத்துத் தைத்த பூங்கொடிகள் இன்று பருத்திச் சட்டைகளிலும் பூக்கின்றன.

சட்டைக்கு அங்கே தனிப்பொருளும் உண்டு. 1973இல் பிலிஸ் வெப்ஸ்ராட் என்னும் ஆறு வயதுச் சிறுமி, பாட்டி வாங்கித் தந்த செம்மஞ்சட் சட்டையை அணிந்து பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள ஒரு விடுதிப் பாடசாலைக்குச் சென்றாள். முதல் நாளே அது பறிக்கப்பட்டது, திரும்பக் கிடைக்கவேயில்லை. அவர் பின்னாளில் கூறிய அக்கதையிலிருந்து 2013இல் செம்மஞ்சட் சட்டை நாள் பிறந்தது. 2021 முதல் அந்நாளாகிய செப்டெம்பர் 30, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய தினமாகவும் அனுட்டிக்கப்படுகின்றது.

நற்செயலின் நிழலில் களவும் நுழைந்துவிட்டது. ஓவியர்களின் சித்திரங்களை அனுமதியின்றி அச்சிட்டு, விற்ற பணத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும் வணிகர் உளர். ஆடை தைத்து உலகுக்கு அனுப்பும் நாட்டினராகிய நாம், ஒரு சட்டையில் எத்தனை கைகளின் உழைப்பு உண்டென்பதை அறிவோம். ஆகவே கனடாவில் வாழும் நம் உறவினர் அச்சட்டையை வாங்கும்போது, வரைந்தவர் யார், பணம் யாரைச் சேரும் என இரு வினாக்களைக் கேட்டே வாங்குதல் வேண்டும். ஒரு சட்டையைப் பறித்துத் தொடங்கிய கல்வி ஒரு தலைமுறையை நிலத்திலிருந்து பிரித்தது. ஒரு சட்டையின் விலை இன்று ஒரு மாணவனை அந்நிலத்துக்கு மீண்டும் அனுப்பக்கூடும்.