ழகரத்தின் வால்

திருவல்லிக்கேணிச் சந்தொன்றில் இரண்டாவது மாடி. இரண்டு கணினிகள், ஒரு லேசர் பிரிண்டர், சுவரோரம் ஈய எழுத்துகள் இருந்த பழைய மரப்பெட்டி. நூல்களுக்குப் பக்கம் கோக்கும் பெண் முதலில் காட்டியது 2001இல் அச்சான ஒரு நாவலின் கோப்பை. திறந்ததும் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் கோணல்மாணல் குறிகளும்தான். தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை.

"ஃபாண்ட் இல்லைங்க. வித்தவங்க கடையை மூடிட்டாங்க" என்றார். அந்தக் காலத்தில் பல எழுத்துருக்கள் தனித்தனிக் குறியாக்கத்தில் வந்தன. எழுத்துரு போனால் எழுதியதும் போயிற்று. இப்போது அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழு நாவலையும் யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்கிறார். பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அவர் பக்கம் கோப்பது ஸீலாடெக் என்ற பக்க அமைப்பு மென்பொருளில். தன் நூலுக்கு வந்த புரூப் கண்ணுக்கு உறுத்தியதால் 1977இல் டொனால்ட் குனுத் எழுதத் தொடங்கிய டெக்தான் அதன் வேர். ஸீலாடெக்கை இயக்குவது 2004இல் ஜொனாதன் கியூ தந்த ஸீடெக்; அது யூனிகோடையும் கணினியில் உள்ள எழுத்துருக்களையும் நேரடியாகப் படித்தது. தமிழுக்குக் கதவு அகலத் திறந்தது அப்போதுதான் என்பேன். கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த பவனம், பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கட்டமரன் எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன. திறந்த உரிமம் என்பதால் நூலில் பதிக்கலாம், நூலை விற்கலாம், எழுத்தைத் திருத்தவும் செய்யலாம்.

இறக்கினால் மட்டும் போதாது. வலைப்பக்கத்துக்கென்று சுருக்கிய கோப்பு டெக்குக்கு ஆகாது, டிடிஎஃப் வேண்டும். எல்லாத் தடிமனையும் ஒரே கோப்பில் அடக்கிய வகையை ஒருமுறை போட்டுவிட்டு, தலைப்பெல்லாம் மெலிந்தே அச்சானதில் ஒரு ஃபாரமே வீணாயிற்றாம். அதிலிருந்து ஒவ்வொரு தடிமனுக்கும் தனிக் கோப்புதான். எழுத்துமுறை தமிழ் என்று கட்டளையிலும் சொல்ல வேண்டும். விட்டால், 'கெ'யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். ஒரே பத்தியை நான்கு எழுத்துருக்களில், 11 புள்ளி அளவில் அச்செடுத்துத் தன் பெரியப்பாவிடம் நீட்டினார். பெரியப்பா முப்பது வருடம் கம்பாசிட்டர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை முகத்தருகே கொண்டுபோனார். "ழகரத்து வால் கீழ்வரி மேல இடிக்குது பாரும்மா."

இடித்ததுதான். 'ழு', 'ஞூ' எல்லாம் கீழே நன்றாக இறங்கும். மேலே 'கி', 'றீ' சுழி எழும்பும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்த வரி இடைவெளி இவற்றுக்குப் போதவில்லை. 16 புள்ளிக்குக் கூட்டினார், பக்கம் மூச்சுவிட்டது. தமிழ் நூல்கள் நெரிசலாய்த் தெரிவதற்கு எழுத்துருவைவிட இந்த இடைவெளிக் கஞ்சத்தனமே காரணம் என்று நெடுநாளாய் எனக்கொரு எண்ணம். அன்று அது உறுதிப்பட்டது.

அடுத்தது வரி முடிவு. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற சொல் வரிக்கடைசியில் அடங்காவிட்டால், அடுத்த வரிக்குத் தள்ளித் தள்ளி நடுவில் வெள்ளைப் பள்ளங்கள் விழும். சந்தோஷ் தோட்டிங்கல் இந்திய மொழிகளுக்கு எழுதித் தந்த சொற்பிரிப்பு விதிகளை இணைத்ததும் பள்ளங்கள் தூர்ந்தன. ஆனாலும் பெரியப்பா தாள் தாளாகப் பார்க்கிறார். மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது ஈய எழுத்துக் காலத்திலிருந்தே அவர் விடாத கணக்கு. அன்று அப்படி எதுவும் சிக்கவில்லை; ஒரு ஒற்றுப்பிழைதான் சிக்கியது.

நூல் முடிந்ததும் பிடிஎஃப்போடு மூல உரை, எழுத்துருக் கோப்புகள், அவற்றின் உரிமத் தாள் எல்லாவற்றையும் ஒரே உறையில் எழுத்தாளர் கையில் கொடுத்துவிடுகிறார். அந்த 2001 நாவலுக்கான உறையின்மேல் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. தட்டச்சு இன்னும் பாதி மிச்சம்.