வண்டியின் தளர்ச்சியா, காலின் தளர்ச்சியா?

ஒரு மோட்டார் வண்டி நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை நெடுஞ்சாலையில் அறிய முடியாது. ஓடுகிற வண்டிக்கு அதன் ஓட்டமே பாதித் துணை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் இயந்திரம், கிளச், கியர், சக்கரம் ஆகிய நான்கும் தம் உண்மை நிலையைக் காட்டும். செம்பூர் அமர் மகால் சந்திப்பில் பச்சை விளக்கு விழும்போதோ இன்னும் தெளிவாகக் காட்டும். பின்னால் மாகுல் எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வரும் டாங்கர் லாரி. பக்கத்தில் பெஸ்ட் பஸ். மீதி இடுக்கிலெல்லாம் ஆட்டோ ரிக்‌ஷா. அங்கே இரண்டு விநாடி தயங்கினால் போதும், நம் குலப்பெருமை முழுவதையும் நான்கு மொழிகளில் கேட்டுவிடலாம்.

என் தந்தையார் அந்த ஏச்சைச் சில மாதங்கள் நாள்தோறும் கேட்டார்.

அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர். பல ஆண்டுகள் கறுப்பு மஞ்சள் டாக்சி ஓட்டியவர். அக்காலத்தில் பம்பாய் டாக்சி என்றால் பிரீமியர் பத்மினிதான். வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், நம் செம்பூருக்கு அடுத்த குர்லாவிலேயே அதைச் செய்தது. 1089 சி.சி. இயந்திரம், ஸ்டியரிங் தண்டிலேயே கியர்க் கோல். 2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்சியும் இருபதாண்டு வரம்பு முடிந்து சாலையை விட்டு நீங்கியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தந்தையார் பழைய டூரிஸ்ட் வண்டி ஒன்றை வாங்கிவிட்டார். விமான நிலையத்துக்கும் திருமண வீடுகளுக்கும் ஆள் ஏற்றிச் செல்வார். என் பட்டமேற்படிப்பும் அந்த வண்டியின் சக்கரத்தில்தான் சுழல்கிறது.

பெட்ரோல் வண்டியான அதற்குப் பிற்பாடு சி.என்.ஜி. சாதனம் பொருத்தியிருந்தார்கள். முன்னிருந்த உரிமையாளர் அழகுக்காகச் சக்கரங்களையும் மாற்றியிருந்தார். சென்ற மழைக்காலத்திலிருந்து வண்டி சிக்னலில் கிளம்ப மறுத்தது. மிதித்தால் ஒரு முனகல், ஒரு குலுக்கல், பிறகே நகரும். பட்டறைக்காரர் ஒருவர் கிளச் தட்டு தேய்ந்துவிட்டது என்று பெரும் தொகை சொன்னார். தந்தையாரோ அதையும் நம்பவில்லை. "வண்டி மேல குத்தம் இல்லம்மா. காலு சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது. இனிமே நமக்கு ஸ்டியரிங் ஒத்துவராது" என்றார். வண்டியை விற்றுவிடத் தரகரிடமும் சொல்லிவிட்டார்.

இயற்பியல் படிக்கும் எனக்கு, சோதித்துப் பாராமல் ஒரு காலைக் குற்றவாளியாக்குவது முறையாகத் தோன்றவில்லை.

முதலில் கிளச். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாம் கியரில் போட்டுக் கிளச்சை மெல்ல விட்டால், நல்ல கிளச்சாக இருந்தால் இயந்திரம் உடனே அணைந்துவிட வேண்டும். வழுக்குகிற கிளச்சில் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்கும். எங்கள் வண்டி உடனே அணைந்தது. பட்டறைக்காரர் சொன்ன செலவு அப்போதே மிச்சமாயிற்று.

அடுத்து பிரேக். சமதரையில் நியூட்ரலில் நிறுத்தித் தள்ளினேன், தடையின்றி உருண்டது. சிறிது தூரம் ஓட்டியபின் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே கையை நீட்டிப் பார்த்தேன். எதிலும் தனிச்சூடு இல்லை. ஆகவே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. காற்று வடிகட்டியும் தூய்மையாகவே இருந்தது.

மூன்றாவது சோதனைதான் வழி காட்டியது. ஞாயிறு விடியற்காலை, செடா நகரில் ஆளற்ற சமச்சாலையில், நின்ற நிலையிலிருந்து 40 கிலோமீட்டர் வேகம் வரும்வரை நேரத்தைக் கணக்கிட்டேன். பெட்ரோலில் 7 விநாடி, வாயுவில் 11. ஓட்டியது இரு முறையும் தந்தையாரே. ஒரே கால், ஒரே கிளச், ஒரே சாலை. மாறியது எரிபொருள் ஒன்றுதான்.

வாயுவில் ஓரளவு தளர்ச்சி இயற்கையே. ஒரு பங்கு மீத்தேன் முழுதும் எரிய ஏறத்தாழ ஒன்பதரைப் பங்கு காற்று வேண்டும். ஆகவே சிலிண்டரில் பத்தில் ஓர் இடத்தை வாயுவே அடைத்துக்கொள்கிறது. பெட்ரோல் ஆவிக்கோ இரண்டு விழுக்காடு இடம் போதும். அந்த அளவுக்குக் காற்று குறைகிறது. வலிமையும் சுமார் 8 விழுக்காடு குறைகிறது. பின்புறம் ஏற்றிய எஃகுச் சிலிண்டர் 60 கிலோ. 850 கிலோ வண்டிக்கு அது 7 விழுக்காட்டுச் சுமை. சக்கரத்தையும் அளந்தேன். 562 மில்லிமீட்டர் விட்டம் இருக்கவேண்டிய இடத்தில் 587 இருந்தது. ஸ்பீடாமீட்டர் வழக்கமாகச் சற்றுக் கூட்டியே காட்டும். இங்கோ அது 40 காட்டியபோது கைப்பேசி 41 காட்டியது. பெரிய சக்கரம் என்றால் எல்லாக் கியரும் ஒரு படி உயர்ந்ததற்குச் சமம்; உந்துவிசையில் 4 விழுக்காடு போயிற்று. மூன்றும் சேர்ந்து 18 விழுக்காடு! தனித்தனியே யாரும் கவனிக்க மாட்டாத இழப்புகள் அவை.

ஆனால் 7 விநாடி 11 ஆனதற்கு அவை மட்டும் காரணமாகா. அந்தக் குலுக்கலுக்கு வேறு காரணம் இருக்கவேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். முனைகள் தேய்ந்து உருண்டிருந்தன. ஒரு மில்லிமீட்டர் இருக்கவேண்டிய இடைவெளி ஒன்றேகாலைத் தாண்டியிருந்தது.

பாஷன் 1889-இல் கண்ட விதியை நம்மில் பலர் தேர்வுக்காகப் படித்திருக்கிறோம். வாயுவின் அழுத்தத்தையும் இரு முனைகளின் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தே பொறி பாய்வதற்கான மின்னழுத்தம் அமையும். நின்ற வண்டியைக் கிளப்ப ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டரில் காற்று நிறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. இடைவெளியோ தேய்மானத்தால் ஏற்கெனவே கூடியிருக்கிறது. அந்தக் கணத்தில்தான் பொறி தவறுகிறது. பெட்ரோல் கலவை மெலிந்த பொறியையும் பொறுத்துக்கொள்ளும். மீத்தேன் பற்றவைக்க வலிய பொறி கேட்கும். கரும்பலகையில் கண்ட கோட்டை என் வீட்டு வண்டியில் கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்!

பத்மினிக் காலத்தில் இத்தகைய தளர்ச்சி வந்தால் தந்தையார் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையாலேயே இம்மி திருப்பி, காதால் கேட்டுச் சரிசெய்துவிடுவார். வாயு மெல்ல எரிவதால் பொறி சற்று முந்தி விழவேண்டும் என்பது அவருக்கு ஏட்டின் உதவியின்றியே தெரியும். புதிய வண்டியில் அதைக் கணிப்பொறி கவனிக்கிறது. திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. கைவைக்க இடமில்லாத வண்டியில் குறை வந்ததும், பழியைத் தம் உடம்பின்மேல் போட்டுக்கொண்டார்.

புதுப் பிளக்குகளை 0.8 மில்லிமீட்டர் இடைவெளியில் பொருத்தினோம். பழைய அளவுச் சக்கரங்களும் வந்தன. மீண்டும் அளந்தபோது பெட்ரோலில் 6 விநாடி, வாயுவில் 7. அந்த ஒரு விநாடி இயற்கை கேட்கும் வரி, கொடுத்துத்தான் ஆகவேண்டும். தரகருக்கு வேண்டாமென்று சொல்லியனுப்பிய தந்தையார், "சும்மா கெடந்த காலைப் போட்டு வைஞ்சிட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

நண்பர்களே, நம் பெற்றோர் பலர் கைத்திறனையே முதலாகக் கொண்டு இந்நகருக்கு வந்தவர்கள். கருவி கெட்டால் அவர்கள் முதலில் ஐயுறுவது தம் கையை, தம் காலை, தம் வயதை. நாம் கற்கும் கல்வி அவர்களுக்குப் புரியாதென்று ஆய்வுக்கூடத்திலேயே பூட்டிவைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். அவர்கள் தளர்ந்துவிட்டதாகச் சொன்னால், ஆறுதல் கூறுமுன் ஒருமுறை அளந்து பாருங்கள்.