கறுப்புக்குள்ளே ஒரு நீலம்

புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு, நான் சொல்லப்போகும் சங்கதி எளிதில் புரியும். கடை விளக்கில் அச்சாகப் பொருந்திய அரக்கு, வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்ததும் வேறு அரக்காகிவிடும். கடைக்காரர், "ஒரே கலர்தான் அம்மா!" என்று சத்தியம் பண்ணுவார். நீங்கள் நம்ப மாட்டீர்கள். போகட்டும், புடவையாவது கையில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்திய புடவை ஒன்று, வெளுத்து நைந்து, அதன்மேல் வேறு நாலு சாயமும் ஏறி உங்களிடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "முதன்முதலில் இது என்ன நிறம்? அதே நிறத்தில் ரவிக்கை வேண்டும்" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்?

பழைய மோட்டார் கார்களைப் புதுப்பிக்கிறவர்களின் பாடு ஏறக்குறைய இதுதான். அதைத் தெரிந்துகொள்ள மோட்டார் பட்டணம் என்றே பெயர் வாங்கிய டெட்ராயிட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

அமெரிக்காவுக்குப் பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ போகிறவர்கள் அந்தப் பக்கம் சென்றால், பிக்கெட் அவென்யூ என்ற தெருவில் உள்ள பழைய செங்கல் கட்டடத்தை அவசியம் பாருங்கள். 1904-ல் கட்டியது. மூன்று தளம், பஞ்சாலை மாதிரி ஒடுங்கி நீண்டு கிடக்கிறது. மரத்தரை. எண்ணிப் பார்த்தால் 355 ஜன்னல்கள்! இதன் மூன்றாவது தளத்தில் ஒரு மூலையைத் தடுத்து, அந்த ரகசிய அறையில்தான் ஹென்றி ஃபோர்டும் அவருடைய ஆட்களும் 'மாடல் டி' காரை உருவாக்கினார்கள். 1908-ல் அது பிறந்தது. முதல் பன்னிரண்டாயிரம் வண்டிகள் இங்கிருந்து போனபிறகு, 1910-ல் கம்பெனி ஹைலண்ட் பார்க்கில் கட்டிய பெரிய தொழிற்சாலைக்குக் குடிபெயர்ந்தது. இப்போது இது ஒரு மியூஸியம்.

மாடல் டி என்றால் கறுப்பு என்றுதான் உலகம் முழுவதும் பேச்சு. ஆனால் இந்தக் கட்டடத்திலிருந்து புறப்பட்ட வண்டிகளில் கறுப்பைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். ஆரம்பத்தில் சிவப்பு, சாம்பல், பச்சை. பிறகு கொஞ்ச காலம் பச்சை மட்டும். 1911 வாக்கில் கருநீலம் வந்தது. 1914-லிருந்து 1925 வரைதான் கறுப்பைத் தவிர வேறு கிடையாது என்ற காலம். சீக்கிரம் காயும் என்பதற்காகக் கறுப்பைப் பிடித்தார்கள் என்று சொல்வதுண்டு. அதைவிட, மலிவு என்பதும், வெயில் மழைக்கு நன்றாக உழைக்கும் என்பதும்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கறுப்பும் ஒரே கறுப்பு அல்ல. பாகத்துக்குப் பாகம், தடவும் விதத்துக்கும் காய வைக்கும் விதத்துக்கும் தக்கபடி முப்பது வகைக் கறுப்பு இருந்ததாகப் பழைய கணக்குகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அடேயப்பா!

வேடிக்கை அந்தக் கருநீலத்தில்தான் இருக்கிறது. புதிதாய் இருக்கும்போதே அது நள்ளிரவு வானம் போல் இருண்ட நீலம். அதன்மேல் பூசிய வார்னிஷ் வருஷம் போகப் போக மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகும். நீலத்தின்மேல் பழுப்புக் கண்ணாடி வைத்தால் எப்படி இருக்கும்? கறுப்புத்தான்! "இதுவும் கறுப்பு வண்டிதான்" என்று நம்பி, நீலத்தைச் சுரண்டியெறிந்துவிட்டுப் பளபளவென்று கறுப்பு அடித்தால், அந்த வண்டியில் இருந்த ஒரே சாட்சியும் போயிற்று. மறுபடி அதை எங்கிருந்து வரவழைப்பது?

பழைய போட்டோவைப் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அது இன்னும் பெரிய பொய் சொல்லும். அந்தக் காலத்துப் பிலிமுக்கும் தகட்டுக்கும் சிவப்பு தெரியாது. ஆகவே சிவப்புக் கார் படத்தில் கன்னங்கறேலென்று விழும். நீலம் வெளிறிப் போகும். தாத்தா பாட்டி கல்யாணப் படத்தில் பாட்டியின் கூறைப் புடவை கறுப்பாய் விழுந்திருந்தால், அதற்கும் இந்தப் பிலிமே காரணமாயிருக்கலாம்!

பின்னே எங்கேதான் தேடுவது? வெயிலும் துடைக்கும் துணியும் எட்டாத இடங்களில். கம்பெனியின் பித்தளைத் தகடு பதித்திருக்கிறதே, அதன் அடியில். கதவின் உட்புறத்தில் ஆணியடித்த அட்டைக்குப் பின்னால். ஆசனச் சட்டத்துக்குக் கீழே. மட்கார்டு பாடியோடு சேரும் இடுக்கில். அப்படி ஓர் இடம் கிடைத்ததும், வழுவழுப்பான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார்கள். அவசரமே கூடாது. நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் தேய்த்தால், பிறகு வந்தவர்கள் அடித்த ஒவ்வொரு வர்ணமும் ஒரு வளையமாக வெளிப்படும். நடுவே இரும்பு, அதைச் சுற்றி அடிப்பூச்சு, அடுத்த வளையம்தான் தேடி வந்த நிறம். அதற்கு மேல் மயிரிழை போல் ஓர் அழுக்குக் கோடு இருந்தால் ரொம்ப விசேஷம்! அந்தப் பூச்சு அணிந்து வண்டி தெருவில் ஓடியது என்பதற்கு அந்த அழுக்கே அத்தாட்சி.

அப்பாடா என்று உட்கார முடியாது. எண்ணெயில் குழைத்த பழைய பெயிண்டுக்கு ஒரு குணம் உண்டு: வெயில் பட்ட இடம் வெளுக்கும், இருட்டில் கிடந்த இடம் மஞ்சளிக்கும். ஒளிந்திருந்த நிறத்தைக் கண்டுபிடித்தாலும் அதுவும் முழு உண்மை சொல்லாது. தேய்த்த இடத்தைக் கொஞ்ச நாள் வெளிச்சத்தில் காட்டினால் அந்த மஞ்சள் ஓரளவு கலையும். அதற்குப் பிறகுதான் கருவி. நிறத்தை அளந்து, எந்தச் சாயம் எவ்வளவு என்று சொல்லும் யந்திரமெல்லாம் வந்துவிட்டது. ஆனால் வெடித்துப்போன வார்னிஷ்மேல் வைத்தால் அது வெடிப்பையும் சேர்த்து அளக்கும்! கடைசித் தீர்ப்பு கண்ணுக்குத்தான். அட்டையில் அடித்து, நன்றாகக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை, விளக்கில் ஒரு தடவை பார்க்கிறார்கள். வெவ்வேறு சாயங்களைக் கலந்து ஒரே நிறம் வரவழைத்தால், ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும். இன்னொன்றில் சண்டை போடும். ரவிக்கைக் கடை வாசலில் நீங்கள் செய்வதேதான். அந்த 355 ஜன்னல்களை இப்போது நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு தொல்லை பளபளப்பு. 1923 வரை கார்களுக்கு வார்னிஷ் பெயிண்டைப் பல தடவை பூசித் தேய்த்துக் காய வைக்க வாரக்கணக்கில் ஆகும். டூபாண்ட் கம்பெனியின் 'டூக்கோ' லாக்கர் வந்தபிறகு, 1924-ம் வருஷ ஓக்லண்ட் கார்கள் நீல நிறத்தில் வந்து கடைக்காரர்களைத் திகைக்க வைத்தன. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. ஃபோர்டும் 1925-ல் மறுபடி பச்சை, அரக்கு என்று இறங்கிவர வேண்டியதாயிற்று. இன்றையப் பூச்சோ கண்ணாடி மாதிரி மின்னுகிறது. நிறம் அச்சாகப் பொருந்தினாலும், பழைய வண்டிக்குப் புதுப் பணக்காரர் வீட்டுக் களைதான் வருகிறது. என்னைக் கேட்டால், வெடித்துச் சுருங்கி அசல் பெயிண்டோடு நிற்கும் வண்டியைத் தொடாமல் விட்டுவிடுவதே மேல் என்பேன். புதுப்பிப்பதை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். அசலாக இருப்பது ஒரே தடவைதான். சொந்தக்காரர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

ஊர் திரும்புமுன் பெண்கள் வாங்க வேண்டிய ஒரு பொருள் உண்டு. அந்நாளில் கார்களுக்குப் பெயிண்ட் தெறித்து அடித்த அறைகளில், சட்டங்களின்மேல் படிந்த பூச்சு, வண்டியோடு சேர்ந்து அடுப்பில் வெந்து வெந்து, அடுக்கடுக்காய்க் கல் போல் இறுகிவிடும். இடைஞ்சல் என்று பெயர்த்தெறிந்த அந்தக் கட்டிகளைத் தொழிலாளிகள் சிலர் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். அறுத்து மெருகிட்டால் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாய் வரிவரியாக ரத்தினம் மாதிரி ஜொலிக்கிறது! 'ஃபோர்டைட்' என்றும் 'டெட்ராயிட் அகேட்' என்றும் பெயர். தோடாகவும் பதக்கமாகவும் விற்கிறார்கள். இப்போது பெயிண்ட் அடிக்கும் முறை மாறிவிட்டதால் அந்தக் கட்டிகள் அப்படிச் சேருவதில்லை. மெருகிட்டதாகவே வாங்குங்கள். வீட்டில் அரம் போட்டுத் தேய்க்க வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் உண்டு, அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.