முன்பாரம், பின்பாரம்

அந்த வேனுக்குள் தரையைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. கட்டில், அலமாரி, அடுப்பு, மெத்தை எல்லாவற்றையும் கழற்றிப் பட்டறையின் ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள். ஆனாலும் எது எங்கே இருந்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. சாமான்கள் நின்ற இடங்களில் வினைல் விரிப்பின் நிறம் புத்தம் புதிதாக இருந்தது. ஆட்கள் நடந்த இடம் மட்டும் வெளுத்து, கதவிலிருந்து அடுப்படிக்கு ஓர் ஒற்றையடிப் பாதையாக ஓடியது. பெரியவர் அந்தப் பாதையில் குதிகாலை ஊன்றி உடம்பை மெல்ல அசைத்தார். கிரீச் என்றது.

"தினமும் தேநீர் போட நின்ற இடம் இது. வேனின் தரையில் முதலில் இதுதான் போகும்" என்றார்.

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், ஹல் நகரத்தை ஒட்டிய ஒரு பழுதுபார்க்கும் பட்டறை அது. லீட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். ஹல்லும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் கேரவன் கட்டிப் பிழைப்பவை. ஸ்விஃப்ட் நிறுவனம் 1964இல் இந்த வட்டாரத்தில்தான் தொடங்கியது, கோச்மேன் 1986இல். கட்டுகிற ஊரில்தான் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் இருக்கும் என்று நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். பெரியவரும் பதினாறு வயதில் ஓர் ஆலையில் சேர்ந்தவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. அங்கே யாரும் கேரவன் என்று முழுசாகச் சொல்வதில்லை. வேன்தான்.

நம்மூரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. இங்கே அது எஞ்சின் இல்லாத ஒரு பெட்டி. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். பள்ளி விடுமுறை வந்தால் விடுதி வாடகை ஒன்றுக்கு இரண்டாக ஏறிவிடும் நாட்டில், சாதாரணச் சம்பளக்காரக் குடும்பம் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட இது ஒரு வழி. எங்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகள், இரண்டு வயதில் ஒரு மகன். கோடையில் மதுரையிலிருந்து அம்மா வருவார். பழைய வேன் ஒன்று வாங்குவது என்று முடிவாகியிருந்தது. எந்த உள்ளமைப்பு என்பதில்தான் வீட்டில் இரண்டு மாதமாகப் பேச்சு ஓயவில்லை. விளம்பரப் புத்தகங்களின் வரைபடங்கள் எல்லாமே அழகாக இருந்தன. வேனைப் பிரித்துப் போட்டவர்களிடம் கேட்டுப் பார்ப்போம் என்று ஒரு பிப்ரவரிக் காலையில் தனியாகக் கிளம்பிப் போனேன்.

வீடு கட்டும்போது நாம் சுவரை எழுப்பிவிட்டுத்தான் உள்ளே கட்டிலைக் கொண்டுபோகிறோம். வேன் கட்டும் முறை நேர்மாறானது. முதலில் இரும்புச் சட்டம், அதன்மேல் தரை. வெறும் தரைமேல் கட்டில், அலமாரி, சமையல் மேடை, கழிவறை எல்லாவற்றையும் நிறுத்தித் திருகிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் பக்கச் சுவர்கள் வந்து ஒட்டுகின்றன, கடைசியில் கூரை. அலமாரி சுவருக்கு முட்டுக்கொடுக்கிறது, சுவர் அலமாரியைப் பிடித்துக்கொள்கிறது. "கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து யாரும் வேன் வாங்கக் கூடாது. அது நாற்காலி இல்லை, எலும்பு" என்றார் பெரியவர். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. பிறகு சரிசெய்து கொள்வோம் என்று நான் எதையெதையோ ஒத்திப்போட்டு வைத்திருந்தேன்.

சுவர் என்று சொல்வதும் கனமானதல்ல. வெளியே அலுமினியத் தகடோ ஃபைபர்கிளாஸோ, நடுவில் தெர்மோகோல் மாதிரியான நுரைப்பலகை, உள்ளே மெல்லிய பிளைவுட். மூன்றையும் பசை போட்டு அழுத்திய அடுக்கு. தரையும் அதே மாதிரிதான். காலால் மிதித்து மிதித்துப் பசை விட்டுப்போனால் அடுக்குகள் பிரிகின்றன, அதுதான் அந்தக் கிரீச். ஓர் இளைஞன் முழங்காலிட்டு அதைச் சரிசெய்து கொண்டிருந்தான். ஒரு சாணுக்குள் ஒன்றாக வரிசையாகத் துளை போட்டு, எப்பாக்ஸிப் பிசினைக் குழலால் உள்ளே செலுத்தி, துளைகளை மரக்குச்சியால் அடைத்து, மேலே பலகை போட்டுக் கனத்தை ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறார்கள். மழைநீர்க் கசிவு இதைவிடப் பெரிய எதிரி. இரண்டு ஊசி வைத்த ஈரமானியைச் சுவரில் குத்திப் பார்க்கிறார்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை, 20ஐத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். அன்று ஒரு வேனின் முன்மூலையில் பெரியவர் கட்டைவிரலால் அழுத்தினார். பிளைவுட் ஊறிய ரொட்டிபோல் உள்ளே போனது.

நான் கொண்டுபோன வரைபடங்களை மேசைமேல் விரித்தேன். அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. என்னை எழுப்பி, கழற்றிப் போட்ட சாமான்களுக்கிடையே கூட்டிக்கொண்டு போனார்.

"இந்த வேன் ஆறு பேர் படுக்கலாம் என்று விற்றது. அலமாரிக் கீலைப் பாருங்கள், தேய்ந்திருக்கிறது. அடுக்குக் கட்டிலின் ஏணியைப் பாருங்கள், வார்னிஷே இல்லை. இப்போது நடுமேசையைப் படுக்கையாக்கும் இந்தத் தாங்கியைப் பாருங்கள்." தாங்கியில் ஆலையில் பூசிய பளபளப்பு அப்படியே இருந்தது. ஆறு பேருக்கான வண்டியில் அத்தனை வருஷமும் நான்கு பேர்தான் படுத்திருக்கிறார்கள். மேசையை ஒருவரும் படுக்கையாக்கவில்லை. "மழைநாளில் பிள்ளைகளுக்கு வரைய ஒரு மேசை வேண்டும். ஒருவன் தூங்கும்போது இன்னொருவன் சாப்பிட வேண்டும். அதனால் மேசையாகவே இருந்திருக்கிறது."

எத்தனை பேர் படுக்கலாம் என்றுதான் அதுவரை நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்பது வேறு கணக்கு. சிறு பிள்ளைகள் ஏழரை மணிக்குத் தூங்கப் போகிறவர்கள். அவர்கள் படுக்கை நடுக்கூடத்தில் இருந்தால் பெற்றவர்கள் பத்து மணிவரை இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். பின்மூலையில் திரைக்குப் பின்னால் நிலையான அடுக்குக் கட்டில் இருந்தால் முன்பக்கம் விளக்கெரியலாம், பேசலாம், பாத்திரம் கழுவலாம். நடுவில் பெரிய இரட்டைக் கட்டில் வைத்த வேன்கள் பார்க்க அரண்மனை மாதிரி இருக்கும். ஆனால் பகலெல்லாம் இடத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்தக் கட்டிலே எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் தவழ்ந்து விளையாடும் தரை அது.

மெத்தை தைக்கும் பெண் இன்னொன்று சொல்லித்தந்தார். முன்பக்கச் சோபாக்களை இழுத்துப் படுக்கையாக்கும் வேன்களில், அந்தப் படுக்கை எத்தனை துண்டு என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். நான்கு துண்டுக்கு மேல் போனால் முதுகுக்குக் கீழே நிச்சயம் ஓர் இணைப்பு வந்து உறுத்தும். நுரைப்பஞ்சைக் கையால் அமுக்கி, விட்டவுடன் எழும்புகிறதா என்று காட்டினார். சோபாவாக நன்றாக இருப்பது படுக்கையாக நன்றாக இருக்க வேண்டியதில்லை. முன்பக்கம் உருட்டாக, முழங்காலுக்கு இதமாகத் தைத்த மெத்தை இரவில் முதுகைக் குத்தும்.

பக்கத்துக் கொட்டகையில் ஒரு தச்சர், ஊர் ஊராகச் சுற்றி வாழ்ந்த ரோமானிக் குடும்பம் ஒன்றின் பழைய குதிரை வண்டிக்குப் புதுப் பலகை போட்டுக்கொண்டிருந்தார். வளைந்த கூரை, அதன்மேல் துணி. வார்டோ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்த நாட்டு ரோமானி மக்கள் கூடாரத்தை விட்டு இந்த வண்டிகளுக்குள் குடியேறத் தொடங்கினார்கள். உள்ளே போனால் நான்கு எட்டில் பின்சுவர். பின்பக்கம் குறுக்கே பெற்றோர் கட்டில். அதற்கு அடியில் இரண்டு தள்ளுகதவுகள். திறந்து காட்டினார்: பிள்ளைகளின் படுக்கை! கதவை மூடினால் அவர்களுக்கு இருட்டு, கதகதப்பு, வெளியே பெரியவர்களுக்கு ராத்திரி. கணப்படுப்பு நுழைந்தவுடன் இடது கைப்பக்கம் இருந்தது. அது வண்டிக்கு வலப்பக்கம். சாலையில் இடதுபக்கமாகப் போகும் வண்டியின் புகைக்குழாய் ஓரத்து மரக்கிளைகளில் இடிக்காமலிருக்க அந்த ஏற்பாடு. சட்டங்களின் ஓரமெல்லாம் செதுக்கிச் செதுக்கி வண்ணம் பூசியிருந்தார்கள். அழகுக்கென்று நினைத்தேன். குதிரை இழுப்பதற்காகக் கனத்தைக் குறைக்கவும்தான் என்றார் தச்சர்.

ஏழரை மணிக்குப் பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது என்ற என் கேள்விக்கு எந்த ஆலையும் வருவதற்கு முன்பே, பிள்ளைகளைப் பெற்ற ஒருவர் விடை கண்டிருக்கிறார். அந்தத் தள்ளுகதவை இன்னும் இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தேன்.

கனம் என்ற பேச்சு வந்ததும் பெரியவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வேனின் முன்னால் இருக்கும் இணைப்புத் தலைக்கு அடியில் ஒரு குளியலறை எடைமெஷினை வைத்து, ஒரு கட்டையை நிறுத்தி, தலையை அதன்மேல் இறக்கினார். 72 கிலோ. வேனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் முன்னால் காரின் கொக்கியில் இறங்க வேண்டும். 1,300 கிலோ வேனுக்கு அது 65இலிருந்து 91 கிலோ. பின்னால் கனம் கூடினால் முன்தலை லேசாகிவிடும். நெடுஞ்சாலையில் ஒரு லாரி தாண்டிப் போகும் காற்றே போதும், வேன் பாம்புபோல் நெளியத் தொடங்கும். இங்கே அதற்குப் பெயரே அதுதான்.

இதை அவர் சொல்லச் சொல்ல எனக்கு என் தாத்தாவின் மாட்டுவண்டி முன்னால் வந்து நின்றது. நெல்மூட்டை ஏற்றும்போது அவர் நுகத்தடியைக் கையால் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் ஒரு பிடி கூட இருக்கட்டும் என்பார். தாத்தாவின் ஒரு பிடியைத்தான் இவர்கள் சதவீதத்தில் சொல்கிறார்கள். தாத்தா நுகத்தடியைத் தூக்கிப் பார்த்த கதையை அவரிடம் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு உள்ளமைப்பு எனக்கு வேறாகத் தெரிந்தது. அடுக்குக் கட்டில் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. பயணத்தின்போது அந்தக் கட்டில் காலியாக இருக்கும். ஓடும் வேனுக்குள் ஆள் உட்காரக் கூடாது என்பது சட்டம். காலி இடம் கண்ணில் பட்டால் மிதிவண்டியிலிருந்து கூடாரத்துணிவரை எல்லாவற்றையும் அதில் திணிக்கத் தோன்றும். பட்டறைக்கு நொறுங்கி வந்த வேன்களில் சிலவற்றின் கதை அதுதான் என்றார். கனமானதெல்லாம் அச்சுக்கு மேலே, தரையோடு. அதுவும் இஷ்டம்போல் ஏற்ற முடியாது. பல குடும்ப வேன்களில் சட்டப்படி ஏற்றிக்கொள்ளும் சாமான் 150 கிலோவை ஒட்டித்தான் வரும். அம்மாவின் குக்கரும் இட்லித்தட்டும் அரிசியும் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும். வேனின் நிறைந்த எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமலிருப்பது புதிதாக ஓட்டுகிறவருக்கு நல்லது என்பது இங்கே எல்லோரும் சொல்லும் அறிவுரை. எங்கள் கார் 1,550 கிலோ. ஏழு மீட்டர் வேன் ஆசை அந்தப் பெருக்கலோடு முடிந்தது.

தரையில் இரண்டு துளைகளைக் காட்டி ஒன்று சொன்னார், அதை யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரைக்கு இறங்கி அந்தத் துளை வழியாக வெளியேற வேண்டும். குளிர் வருகிறதென்று துணி வைத்து அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்களாம். சிறு பிள்ளைகள் இருக்கும் வேனில் வாங்கிய அன்றே முதலில் குனிந்து பார்க்க வேண்டியது அதைத்தான்.

அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு போனோம். விற்பதற்காக அவர்களே புதுப்பித்துக்கொண்டிருந்த ஒற்றை அச்சு வேன் ஒன்று இருந்தது. பின்மூலையில் அடுக்குக் கட்டில், அதன் பக்கத்தில் கழிவறை, நடுவில் ஒரு பக்கம் மேசை, முன்னால் எதிரெதிராக இரண்டு சோபா. பெரியவர் எங்களைப் பேச விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஒரு மணிநேரம் உள்ளே இருக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெளியே நல்ல மழை.

பத்து நிமிஷத்தில் எல்லோருடைய இடமும் தெரிந்துவிட்டது. மகள் மேசைக்குப் போனாள். மகன் தரையில். மனைவி அடுப்பின் முன்னால் நின்று கையை நீட்டிப் பார்த்தாள். "என்னங்க, நான் தாளிக்கும்போது இவன் கதவுக்கு ஓடினா என் கால்ல விழுந்துதான் ஓடணும். அடுப்புக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு சின்னத் தடுப்பு வேணும்" என்றாள். பிறகு சோபாவில் படுத்து, எழுந்து, பின்பக்கம் நடந்து போனாள். "அத்தை ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருப்பாங்க. அவங்களை முன்னால படுக்க வெச்சா நம்மளைத் தாண்டிப் போகணும். நடு மேசையைப் படுக்கையாக்கி அத்தைக்குக் குடுத்துடலாம். மூணு எட்டுல கழிவறை. அந்த மூணு வாரத்துக்கு மட்டும் மேசை இல்லாம சமாளிப்போம்."

எனக்குத் தோன்றாதது அது. முன்சோபா இரண்டையும் தினமும் இரவு விரித்து, காலையில் மடிக்கும் வேலை எங்களுக்கு. துண்டுகளை எண்ணினேன். நான்கு.

மிச்சமிருந்தது மேல்கட்டில். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்க வைக்கக் கூடாது என்பது இங்கே எல்லா அடுக்குக் கட்டிலுக்கும் பொதுவான எச்சரிக்கை. மகளுக்கு நவம்பரில்தான் ஆறு முடிகிறது. இந்தக் கோடைக்கு இரண்டு பேரும் கீழ்க்கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுக்க வேண்டியதுதான். அகலம் 60 சென்டிமீட்டர்தான். இப்போதைக்குப் போதும். அடுத்த வருஷம் அவள் மேலே போவாள். ஆனால் சின்னவன் தூக்கத்தில் உருளுகிறவன்.

பெரியவர் திரும்பி வந்ததும் அதைச் சொன்னேன். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டார். மகனைக் கீழ்க்கட்டிலில் படுக்கச் சொன்னார். அவனும் என்ன நினைத்தானோ, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அசையாமல் படுத்தான். உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை டேப்பை நீட்டி ஒரு பிளைவுட் துண்டில் 88 என்று எழுதினார். அதன் பக்கத்தில் கூட்டல் குறி போட்டு, வளர்வதற்காக என்று 20 சேர்த்தார். பலகையைத் தூக்கிக்கொண்டு ரம்பத்தின் பக்கம் போனார். மகன் ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தான்.