202 சுற்றுகள்

வெண்டல் ஸ்காட் என்ற அமெரிக்கப் பந்தயக் கார் ஓட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். 1963 டிசம்பர் 1. அந்த ஒரு நாள் அவர் வாழ்க்கை முழுவதையும் விளக்கிவிடுகிறது என்ற எண்ணம் அவர்களுக்கு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிராண்ட் நேஷனல் வரிசையில் அவர் ஓட்டியவை 495 பந்தயங்கள். ஜெயித்தது ஒன்று. மீதி 494ஐயும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு மனிதனின் தொழிலைப் பற்றி என்ன பேசிவிட முடியும்? கார்ப் பந்தயத்தில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. அந்தச் சத்தமும் புகையும் கூட்டத்தின் வெறியும் என்னை விலக்கவே செய்கின்றன. ஆனால் இவருடைய பந்தய முடிவுகளை வருஷவாரியாகப் பார்த்துக்கொண்டு போனபோது, அந்த எண்கள் அவரைப் பற்றிய புகழுரைகளைவிட அதிகமாகச் சொல்வதாக எனக்குப் பட்டது.

முதலில் அந்த நாளைச் சொல்லிவிடலாம். ஃப்ளோரிடா மாநிலத்தில் ஜாக்ஸன்வில். அரை மைல் நீளமுள்ள மண் தடம். 200 சுற்று, அதாவது 100 மைல். முடிவதற்கு 25 சுற்றுகள் இருக்கும்போது, முன்னணியில் இருந்த ரிச்சர்ட் பெட்டியின் கார் பழுதாகி வேகம் இழக்க, ஸ்காட் அவரை முந்தினார். 200 சுற்றையும் முடித்தார். முடிவைக் காட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டமிட்ட கொடி அசையவில்லை. மேலும் ஓட்டினார். 202 சுற்று. அவருக்குப் பின்னால் வந்த பக் பேக்கர் என்ற வெள்ளைக்காரர்தான் ஜெயித்தவர் என்று அறிவித்தார்கள். கோப்பையும் அவருக்கே போயிற்று. ஸ்காட் ஆட்சேபித்தார். சில மணி நேரம் கழித்து, கூட்டம் கலைந்த பிறகு, கணக்கைச் சரிபார்த்து, ஸ்காட்தான் ஜெயித்தவர் என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். முதல் பரிசுப் பணம் அவருக்குக் கொடுக்கப்பட்டது. கோப்பை கொடுக்கப்படவில்லை.

அந்தக் காலத்தில் சுற்றுகளை ஆட்கள்தான் எண்ணினார்கள். கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அட்டையில் குறித்துக்கொள்வார்கள். பிழை நேரக்கூடிய முறைதான். பிழை என்றுதான் அதிகாரிகளும் சொன்னார்கள். ஸ்காட் அதை ஏற்கவில்லை. ஜெயித்தவருக்குக் கோப்பை வழங்கும் அழகுராணி அவருக்கு முத்தமும் கொடுப்பது வழக்கம். ஒரு கறுப்பரை ஒரு வெள்ளைக்காரப் பெண் முத்தமிடுவதைத் தெற்கத்திய வெள்ளையர் கூட்டத்துக்கு முன்னால் நடக்கவிட அவர்கள் தயாராக இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அமெரிக்காவில் சிவில் உரிமைச் சட்டம் நிறைவேற அப்போது இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. பணத்தைக் கொடுத்தார்கள், கோப்பையைக் கொடுக்கவில்லை என்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. பணத்தை யாரும் பார்க்காதபோது கொடுத்துவிடலாம். நாலு பேர் பார்க்கக் கொடுத்தால்தான் கோப்பைக்கு அர்த்தம். வேலைக்குக் கூலி கொடுப்பதில் அவர்களுக்குத் தயக்கம் இல்லை. வேலை செய்தவன் இன்னார் என்று சொல்வதில்தான் தயக்கம்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. இனி மீதி 494.

ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கிற கார் என்று அர்த்தம். 1960களில் அது பாதி உண்மை. வெளித்தோற்றம் தெருவில் ஓடுகிற செவர்லேயோ ஃபோர்டோ ப்ளிமத்தோதான். உள்ளே பெரிய கம்பெனிகளின் பணமும் பொறியியலும் வேலை செய்தன. 1964ல் கிறைஸ்லர் கம்பெனி ஹெமி என்ற எஞ்ஜினைக் கொண்டுவந்தது. அந்த வருஷம் டேடோனா 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களும் ப்ளிமத் கார்களுக்கே. இந்தச் சூழலில் ஸ்காட்டிடம் இருந்தவை டான்வில்லில் ஒரு சிறு பட்டறை, பிள்ளைகளின் ஒத்தாசை, பிறர் ஓட்டித் தள்ளிய கார்கள். ஜாக்ஸன்வில்லில் ஜெயித்த செவர்லேகூட நெட் ஜாரெட் என்ற சக ஓட்டியிடமிருந்து வாங்கிய பழைய கார்தான். மற்றவர்கள் பாதி தேய்த்துப் போட்ட டயர்களை வாங்கி மாட்டிக்கொண்டு ஓட்டினார். தன் காருக்குத் தானே மெக்கானிக். அந்தக் காரை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனவரும் அவரே.

வர்ஜீனியா மாநிலத்து டான்வில்லில் 1921ல் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராணுவத்துக்காக ஐரோப்பாவில் வண்டிகள் பழுது பார்த்தார். திரும்பி வந்து டாக்ஸி ஓட்டினார், பட்டறை வைத்தார். ராத்திரிகளில் திருட்டுச் சாராயமும் கடத்தினார். போலீஸ் காரைப் பின்னால் விட்டுவிட்டுப் போவதில்தான் அவருடைய கை தேர்ந்தது. 1952ல் உள்ளூர்ப் பந்தயக்காரர்கள் கூட்டம் சேர்ப்பதற்காக ஒரு கறுப்பரை ஓட்டவைத்து வேடிக்கை காட்ட நினைத்தார்கள். வேகமாக ஓட்டும் கறுப்பர் யாரென்று போலீஸாரிடம் விசாரித்தார்கள். போலீஸார் ஸ்காட்டின் பெயரைச் சொன்னார்கள். அவருடைய திறமையை முதலில் சரியாக மதிப்பிட்டவர்கள் அவரைத் துரத்தியவர்கள்தான். இதில் சிரிப்பதற்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு யோசிப்பதற்கும் இருக்கிறது. கறுப்பர் என்பதற்காகச் சில இடங்களில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். கூட்டம் ஏசியது. 1959ல் மாநில அளவில் சாம்பியன் ஆனார். 1961ல் கிராண்ட் நேஷனலுக்கு வந்துசேர்ந்தபோது வயது 39.

இனி எண்கள். 495 பந்தயங்களில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது 147 முறை. முதல் ஐந்துக்குள் 20 முறை. 1966ல் வருஷக் கணக்கில் ஆறாம் இடம். அடுத்த மூன்று வருஷங்களில் பத்து, ஒன்பது, ஒன்பது. இந்த நாலு வருஷங்களிலும் ஒரு பந்தயத்தைக்கூட ஜெயிக்கவில்லை. பின் எப்படி வந்தது இந்த இடம்? நிறையப் பந்தயங்களில் கலந்துகொண்டு, எடுத்த பந்தயத்தை முடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த புள்ளிகள். எஞ்ஜின் வெடித்தால் கம்பெனி ஆதரவு உள்ளவனுக்கு வேறு எஞ்ஜின் வரும். ஸ்காட்டுக்கு வராது. அடுத்த ஊர்ப் பந்தயத்துக்கும் இதே எஞ்ஜின்தான். ஆகவே காரின் முழு வேகத்தில் அவர் ஓட்டவில்லை. ஓட்ட முடியாததால் அல்ல. தன்னைவிட நல்ல கார்களை வழிவிட்டு அனுப்பிவைத்துவிட்டு, அவை உடையும்வரை தான் உடையாமல் இருப்பது என்ற ஒரு கலையை அவர் உண்டாக்கிக்கொண்டார். ஏழாம் இடம், ஒன்பதாம் இடம் என்று வரும் அந்த முடிவுகளுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கட்டுப்பாடு. வறுமை ஒரு நடையைக் கொடுத்தது என்று சொல்லத் தோன்றும். நான் சொல்லமாட்டேன். வறுமையில் ஓட்டியவர்கள் வேறு பலரும் உண்டு. நடை அவர் உண்டாக்கியது.

இப்படிப் பார்த்தால் ஜாக்ஸன்வில் வெற்றி அதிர்ஷ்டமாகத் தெரியாது. மேடும் பள்ளமுமான ஒரு மோசமான மண் தடத்தில், வேகமான கார்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தபோது, காரைக் காப்பாற்றத் தெரிந்தவர் ஜெயித்தார். மற்ற நாட்களில் அவரை ஒன்பதாம் இடத்துக்குக் கொண்டுவந்த அதே வித்தைதான் அன்று முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. 494ஐப் படிக்காதவனுக்கு அந்த ஒன்றும் புரியாது.

எழுதுகிறவர்களாகிய நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. புறக்கணிக்கப்பட்டவனைக் கண்டதும் அவனை நம்மவனாக்கிக்கொள்கிறோம். ஐந்நூறு பிரதி விற்காததையும் பரிசு கிடைக்காததையும் தரத்துக்கு அத்தாட்சியாக மனசுக்குள் வைத்துக்கொள்கிறோம். ஸ்காட்டை இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்த முடியாது. புறக்கணிப்பை அவர் ஒரு பதக்கமாக அணிந்துகொள்ளவில்லை. நான் ஜெயித்தது எனக்குத் தெரியும், அது போதும் என்று வீட்டுக்குப் போகவில்லை. எண்ணிப் பாருங்கள் என்று அங்கேயே நின்றார். கோப்பை அவருக்கு வேண்டியிருந்தது. நல்ல காரும் வேண்டியிருந்தது.

1973ல் கடன் வாங்கி, வேகமான ஒரு மெர்க்குரி காரைச் சேர்த்தார். வயது 51. மே 6ம் தேதி அலபாமா மாநிலத்து டல்லடேகாவில் பந்தயம். தொடங்கிச் சில சுற்றுகளுக்குள்ளேயே இருபதுக்கு மேற்பட்ட கார்கள் ஒன்றோடொன்று மோதின. அதில் அவர் காரும் ஒன்று. இடுப்பெலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. கார் போயிற்று, கடன் நின்றது. அந்த அக்டோபரில் ஷார்லட்டில் இன்னொரு பந்தயம் ஓட்டினார். பன்னிரண்டாம் இடம். அதோடு கிராண்ட் நேஷனல் வாழ்க்கை முடிந்தது. காரை உடையாமல் காப்பாற்றுவதையே கலையாகக் கொண்ட ஒருவர், கடைசியில் பிறர் கார்களின் குவியலில் உடைந்துபோனார். இதை விதி என்று அழகுபடுத்த எனக்கு விருப்பமில்லை. வேகமான கார் பத்து வருஷம் முன்னால் கிடைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பிறகு வந்தவை மரியாதைகள். 1977ல் ரிச்சர்ட் ப்ரையர் நடித்து அவர் வாழ்க்கையை ஒட்டி ஒரு சினிமா வந்தது. 1990ல் ஸ்காட் இறந்தார். 2015ல் நாஸ்கார் ஸ்தாபனம் தன் பெருமைக்குரியவர்களின் வரிசையில் அவரையும் சேர்த்துக்கொண்டது. 2021 ஆகஸ்ட் 28 அன்று, அவருடைய நூறாவது பிறந்த நாளுக்கு முந்தின நாள், ஜாக்ஸன்வில் கோப்பைக்கு ஈடாக ஒரு கோப்பையை டேடோனாவில் அவர் குடும்பத்தாரிடம் கொடுத்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 4ல், டல்லடேகாவில் மழையால் பாதியில் நின்ற பந்தயத்தில் பப்பா வாலஸ் ஜெயித்தார். முதல்தர வரிசையில் ஜெயித்த இரண்டாவது கறுப்பர். முதலாமவருக்கும் அவருக்கும் இடையில் ஏறத்தாழ 58 வருஷங்கள்.

இந்த மரியாதைகளை நான் குறைத்துப் பேசவில்லை. குடும்பத்துக்கு அந்தக் கோப்பை எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரிகிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் மறக்கக் கூடாது. காலம் கடந்து கோப்பை கொடுப்பது தாராளம். பந்தயம் நடக்கும்போதே சுற்றுகளைச் சரியாக எண்ணுவது கடமை. இரண்டாவதைச் செய்யாத ஒரு சூழல் முதலாவதைச் செய்து தன்னைத் தானே பாராட்டிக்கொள்ளும். விமர்சனம் என்று நாம் பெரிய பெயரில் சொல்லிக்கொள்ளும் காரியமும் அந்த அட்டைக்காரனின் வேலையைவிட உயர்ந்ததல்ல என்று எனக்குப் படுகிறது. ஓட்டுகிறவன் யார் என்று பாராமல், கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கோடு போட வேண்டும். ஒன்பதாவதாக வருகிறவனுக்கும் போட வேண்டும்.