மொட்டை மாடியில் கொத்தவரங்காய்!

நங்கநல்லூரில், 32 அடி ஆஞ்சநேயருக்கு நாலு தெரு தள்ளி எங்கள் மொட்டை மாடி. எட்டே எட்டு சிமென்ட் சாக்கில் கொத்தவரை விதைத்தேன். முதல் வாரம் பொரியல். அடுத்த வாரம் பருப்பு உசிலி. மூன்றாம் வாரம் தர்மபத்தினி மௌன விரதம்! அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்தினார்கள். பறிக்காமல் விட்டாலோ முற்றி நாராகிவிடும்.

ஒருநாள் கீழ்வீட்டுப் பாட்டி மாடியேறி வந்தார். மோட்டார் தகராறில் ஆறு மாதமாகப் பேச்சில்லை.

"அநியாயமா முத்த விடறியேப்பா! உப்புப் போட்டு அரை வேக்காடா எடுத்து, மோர்ல ஊறப்போட்டு, மொறுமொறுன்னு காயற வரைக்கும் வெயில்ல போடு. வருஷம் பூரா வத்தக்குழம்பு!"

இப்போது காக்கா விரட்டுவது நாங்கள் இருவரும்தான். மோட்டார் ஸ்விட்ச்? இன்னும் பாட்டி வசம்தான்!